பிரெஞ்சுக்காரரும் அக்காவின் செத்தவீடும்

அந்தப் பிரெஞ்சு நாவலாசிரியரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பீர்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் நான் முதன்முதல் அந்தப் பெயரைச் சொன்னபோது, மொன்றியல் உணவகங்களில் கோப்பை கழுவிப் பிரெஞ்சு பழகிய ஒருவர் பல்வலி வந்தவர்போலக் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் வெறும் பிரெஞ்சுக்காரர்தான்.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில், கணக்காளர் ஒருவரின் கந்தோருக்குப் பின்னாலிருந்த அறையில் மாதத்துக்கு ஒருமுறை கூடுவோம். ஆளுக்கொரு வெளிநாட்டு எழுத்தாளர். சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கவேண்டும். எடுத்தவர் அவரைப்பற்றிக் கட்டுரை எழுதிவந்து வாசிக்கவேண்டும். ரஷ்யர்கள் கிடைத்தவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்கள். எனக்கு இவர் விழுந்தார். நூலகத்தில் இவரைப் பற்றித் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. அதிலிருந்த படத்தில் தொங்குமீசையும் தொந்தியுமாக, பந்தியிலிருந்து எழும்பி எங்கே சரியலாம் என்று பாய் தேடுகிற கலியாணவீட்டு மாமாவைப்போல இருந்தார். சரி, இந்த ஆளைச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

சமாளிக்க முடியவில்லை. மனிதர் என்னை விழுங்கிவிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு. ஆற்றங்கரையில் ஒரு வீடு. வீட்டில் தாயும், மருமகள் முறையான ஒரு சின்னப் பிள்ளையும். கலியாணம் கட்டவில்லை. அவருடைய தொழில் மேசையில் இருப்பது. ஒரு கிராமத்து டாக்குத்தரின் மனைவி வாழ்க்கை சலித்து, கெட்டு, அழிந்துபோகிற கதை ஒன்றை எழுதினார். கதை என்று பார்த்தால் எங்கள் வானொலி நாடகங்களில் கிழமைக்கு ஒன்று வரும். அதை எழுத அவருக்கு ஐந்து வருஷம் சென்றது. ஒரு பக்கத்தோடு ஒரு கிழமை மல்லுக்கட்டுவார். எழுதின வசனத்தை எழும்பி நின்று, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தி வாசிப்பார். மூச்சு இடறினாலோ, ஒரே ஓசை இரண்டு தரம் வந்தாலோ அந்த வசனத்துக்கு ஆயுள் முடிந்தது. திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். இவ்வளவு பாடுபட்ட பிறகு, எழுதினவன் எழுத்தில் தெரியவே கூடாது என்பார். கதையில் ஒருத்தி சாகும்போது எழுதினவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மூக்குச் சிந்தக் கூடாது. புத்தகம் வந்ததும் ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று அரசாங்கம் வழக்கே போட்டது. அதிலும் தப்பிவந்தார்.

நானோ ஒரு கலியாண வாழ்த்து மடல் எழுதினாலே மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் நடுவில் என் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே எனக்கு அவரில் பக்தி வந்ததில் அதிசயம் இல்லை.

பக்தி முற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வன்னியில் போரும் முற்றியது. இரண்டாயிரத்து ஒன்பது பிறந்த மாரி அது.

என் அக்கா அங்கே இருந்தா. கலியாணம் கட்டாதவ; ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையை நடத்தினவ. சீனி நிறுக்கும்போது தராசு முள்ளையும் வாங்க வந்தவரின் முகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கத் தெரிந்த மனுசி. வாய் கொஞ்சம் நீளம். கனடாவுக்கு வாவென்று கேட்டால், "உன்ர குளிரை நீயே வைச்சிரு" என்பா. தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் ஆருடைய போனிலிருந்தோ எடுத்தா. "இடம் மாறிக்கொண்டு திரியிறம். பிறகு எடுக்கிறன்." அந்தப் பிறகு வரவேயில்லை.

பயத்தில் பலவகை மனிதர் உண்டு. சிலர் கோயிலுக்குப் போனார்கள். சிலர் டவுன்ரவுணில் குளிரில் பதாகை பிடித்து நின்றார்கள்; நானும் போய் நின்றேன். ஆனால் என்னுடைய விசேஷம் வேறு. வீட்டுப் போன் வேலை செய்கிறதா என்று பார்க்க என் செல்லிலிருந்து அடிப்பேன். அது மணியடித்ததும், அடித்தது நானேதான் என்பதை மறந்து "அக்கா!" என்று ஓடிப்போய் எடுப்பேன். இரண்டு காதிலும் என் மூச்சே எனக்குக் கேட்கும். குளிக்கும்போது செல்லைப் பொலித்தீன் பையில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டேன். ஒஷாவாவில் நான் வேலைசெய்த கார் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் பிரேக் கேட்டவர்களுக்கு வைப்பர் அனுப்பினேன். பிரேக் பிடிக்காவிட்டாலும் மழையில் வழி தெரிந்திருக்கும்.

"ஒரு இடத்தில இருங்கோவன்," என்பா மனைவி. "கழுத்தில கிடக்கிற அந்தப் பையையாவது கழட்டுங்கோ."

வாசிப்பு வட்டத்தின் தலைவர் போன் எடுத்தார். "தம்பி, கூட்டம் இப்போதைக்கு இல்லை. இந்த நேரத்தில பிரெஞ்சுக்காரன் ஆருக்குத் தேவை?"

"ஓம் அண்ணை, ஆருக்கும் தேவையில்லை," என்றேன். போனை வைத்துவிட்டு அந்தத் தடித்த புத்தகத்தைத்தான் திறந்தேன். எனக்குத் தேவைப்பட்டது.

ஏனென்றால் அவருக்கும் ஒரு யுத்தம் வந்திருந்தது. பிரஷ்யப் படைகள் பிரான்சுக்குள் இறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய என் வயது. எழுத முடியவில்லை. எல்லாரையும் திட்டிக் கடிதம் எழுதினார். உள்ளூர்த் தொண்டர்படைக்கு லெப்டினன்ட் ஆகி, அந்தத் தொந்தியோடு ஊர்ச்சனத்துக்கு லெஃப்ட் றைட் பழக்கினார். ஒருவரும் சொல்வழி கேட்கவில்லை; கோபித்துக்கொண்டு விட்டுவிட்டார். இந்தப் பக்கங்களை வாசித்தபோது எனக்கு வந்த ஆறுதலைச் சொல்லி முடியாது. இவ்வளவு பெரிய மூளைக்காரரே யுத்த காலத்தில் என்னைப்போல ஒரு விசரர்தான். கடைசியில் எதிரிப் படை அவர் வீட்டிலேயே வந்து குடியிருந்தது. அதற்கு முதல் தன் கடிதங்களைப் பெட்டியில் போட்டுத் தோட்டத்தில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டார். சண்டை முடிந்து திரும்பிவந்தபோது கடதாசிகள் பழுதில்லாமல் இருந்தன. மனிதர் மேசையில் இருந்து, விட்ட வேலையைத் தொடர்ந்தார். அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்தேன். வீரம் என்ற சொல்லை நான் வீணான இடங்களிலெல்லாம் பாவித்திருக்கிறேன் என்று பட்டது.

கட்டுரையைத் தொடங்கினேன். நன்றாகத்தான் ஓடியது, அவருடைய தங்கை வரும்வரை.

அவருடைய தகப்பன் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வைத்தியர். வீடும் ஆஸ்பத்திரியோடு ஒட்டினது. சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் கொடிப்பந்தலில் தொற்றி ஏறி, பிணம் வெட்டும் அறையை எட்டிப் பார்ப்பார்களாம். தகப்பன் நிமிர்ந்து பார்த்துக் கலைப்பாராம். இப்படிக் கூட்டுக்களவு செய்த தங்கை, பிள்ளை பெற்ற கையோடு, இளவயதிலேயே இறந்துபோனாள். அந்தப் பிள்ளைதான் நான் முதலில் சொன்ன மருமகள். இவரும் தாயும் வளர்த்தார்கள்.

இதை ஒரு வசனத்தில் சொல்லவேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. மனைவி மார்க்கம் நகரில் தான் வேலைசெய்த பேக்கரிக்குப் போய்விட்டா. காலையிலிருந்து நான் அந்த வசனத்தோடு இருந்தேன். "சகோதரி காலமானாள்." அது வானொலி மரண அறிவித்தல். "சகோதரி இறைவனடி சேர்ந்தாள்." பிரெஞ்சுக்காரர் கல்லறையால் எழும்பி வந்து உதைப்பார். "சகோதரி மறைந்தாள்." எங்கே, கதவுக்குப் பின்னாலா? மத்தியானம் வரை பார்த்தேன். பிறகு, அவருடைய முறைப்படியே செய்தால் என்ன என்று தோன்றியது. ஹோலின் நடுவில் நின்று, வயிற்றிலிருந்து மூச்செடுத்துக் கத்தினேன்.

"சகோதரி இறந்துவிட்டாள்!"

சரியில்லை. "இறந்துபோனாள்!" இன்னும் சரியில்லை. "சகோதரி செத்துப்போனா! செத்தே போனா!"

எங்கள் கட்டடத்துச் சுவர்களைப்பற்றிச் சொல்லவேண்டும். அடுத்த வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். ஆனால் அந்த நேரம் அது என் நினைவில் இல்லை. என்ன சொற்களைக் கத்துகிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை என்று பிறகு எல்லாருக்கும் சொன்னேன். உண்மையில் கொஞ்சம் உறைத்தது. அந்தப் பிரெஞ்சுத் தங்கைக்குச் சரியான ஒரு வசனம் கிடைத்துவிட்டால் சாவு அதோடு திருப்திப்பட்டு, என் வீட்டு இலக்கத்தைப் பார்க்காமல் போய்விடும் என்று ஏதோ ஒரு பேய்க்கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது கதவில் தட்டினார்கள். மெதுவாக, விரல்மொளியால். பார்சல் கொண்டுவருகிறவன் அப்படித் தட்டமாட்டான்.

திறந்தேன். அடுத்த வீட்டு அங்கிள், ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு. பக்கத்தில் அன்ரி, ஒரு கையில் தேத்தண்ணிப் பிளாஸ்க், மற்றக் கையில் சாப்பாட்டுக் கேரியர். பின்னால் எதிர்வீட்டுச் சென்னைக்காரர், கணினி வேலை செய்கிறவர், கையைக் கட்டிக்கொண்டு.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலட்டைதான் சாப்பாடு கொண்டுபோகும். பதினாலாம் மாடிக்கு வந்தும் எங்கள் சனம் விடாத வழக்கம் அது. அந்த வசந்தத்தில் எங்கள் கட்டடத்தில் அப்படிப் பிளாஸ்க் போகாத மாடி இல்லை. ஆகவே அன்ரியின் கையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அக்கா போய்விட்டா. இவர்களுக்கு எப்படியோ செய்தி வந்திருக்கிறது. எனக்குச் சொல்ல வந்திருக்கிறார்கள்.

சப்பாத்துத் தட்டின்மேல் குந்திவிட்டேன். அதுவும் என்னோடு சேர்ந்து சரிந்தது. "ஐயோ அக்கா" என்று நான் வைத்த ஒப்பாரியில் அவர்களுக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்திருக்கும்.

அன்ரி என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தா. "அழு தம்பி, அழு. அடக்காதை."

அங்கிள் சோபாவின் நுனியில் இருந்து தரையைப் பார்த்தார். "என்ன செய்யிறது. எல்லாற்ற வீட்டிலயும் இதுதான் கதை."

எப்படி, எங்கே என்று நான் கேட்கவில்லை. கொண்டுவந்தவர்கள் மனம் தேறித் தாங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அவர்களும் கேட்கவில்லை. செத்தவீட்டில் வீட்டுக்காரர் வாய்திறக்குமுன் கேட்பது மரியாதை இல்லை. இப்படி இரண்டு பக்கமும் மிகுந்த மரியாதையோடு அழுதுகொண்டிருந்தோம். அன்ரி கீழ்மாடிக்கும் சொல்லியிருப்பா போல. இன்னும் நாலைந்து பேர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். இந்த மரியாதை எல்லாம் பழகாத சென்னைக்காரர் வந்திராவிட்டால் எட்டாம் நாள் எட்டுச்செலவு வரை போயிருப்போம்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார்," என்றார் அவர். "நியூஸ் எப்ப வந்துச்சு? யாரு ஃபோன் பண்ணாங்க?"

அங்கிள் அவரை முறைத்தார். நான் அங்கிளைப் பார்த்தேன். "ஓம் அங்கிள், சொல்லுங்கோ. ஆர் எடுத்தது?"

"ஆர் எடுத்ததோ? அதை நீரெல்லோ சொல்லவேணும்."

"எனக்கு என்ன தெரியும்? நீங்கள்தானே சொல்ல வந்தனீங்கள்."

"நாங்கள் வந்தது நீர் கத்தினபடியால். சகோதரி செத்துப்போனா, செத்துப்போனா எண்டு கட்டடம் இடியக் கத்தினீர்."

நான் மூக்கைத் துடைத்தேன். "அது என்ர சகோதரி இல்லை, அங்கிள்."

"பின்ன ஆற்ற?"

"ஒரு பிரெஞ்சுக்காரற்ற."

அன்ரியின் முகம் இன்னும் இளகியது. "ஐயோ பாவமே. அந்த மனுசன் எத்தினையாம் மாடி? ஆராவது அவருக்குச் சாப்பாடு குடுத்தவையே?"

"அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல, அன்ரி."

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்தது. மனைவி தன் வீட்டு வாசலில் செருப்புக் குவியலைக் கண்டிருக்கிறா. கையிலிருந்த கேக் பெட்டி விழுந்த சத்தமும் "மச்சாள்!" என்ற அலறலும் ஒன்றாகக் கேட்டன. வீட்டிலிருந்த அத்தனை பேரும் கதவடிக்கு ஓடினோம். "இல்லை! இல்லை! பிரெஞ்சுக்காரன்! பிரெஞ்சுக்காரன்!"

அவவுக்கு விளங்கக் கொஞ்சநேரம் எடுத்தது. விளங்கியதும் மூன்று தலைமுறைப் பிரெஞ்சுக்காரருக்கு ஏச்சுக் கிடைத்தது. "உங்களுக்கு விசரே? உலகம் எரியுது, உங்களுக்கு வசனம்! அந்தாளைக் கொண்டுபோய் ஒன்ராரியோ வாவியில தள்ளுங்கோ. நீங்களும் சேர்ந்து குதியுங்கோ." சொல்லிவிட்டுச் சுவரோடு இருந்து அழுதா. அது பயம் தெளிந்த அழுகை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அன்ரியின் பிளாஸ்கிலிருந்துதான்.

அடுத்த பிரச்சினை சாப்பாடு. சாகாதவவின் செத்தவீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடலாமா? அன்ரி யோசித்தா. திருப்பிக் கொண்டுபோவது அதைவிடக் கூடாது என்று முடிவாயிற்று. எல்லாரும் தரையில் இருந்தோம். இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, மாசிக் கருவாடு போடாத சம்பல்.

"இனி நீர் எழுதினதை வாசியும்," என்றார் அங்கிள், கையைக் கழுவிக்கொண்டு வந்து. "என்ர மத்தியான நித்திரை எந்தப் பிரெஞ்சுக்காரனால போனதெண்டு எனக்குத் தெரியவேணும்."

வாசித்தேன். என் வாழ்க்கையில் நான் கண்ட ஆகச்சிறந்த இலக்கியக் கூட்டம் அது. வரவேற்புரை இல்லை, நன்றியுரை இல்லை, ஒருவரும் இடையில் எழும்பி வெளியே போகவில்லை. ஐந்து வருஷ நாவல் என்றதும் அங்கிள் புருவத்தை உயர்த்தினார். ஒவ்வொரு வசனத்தையும் கத்திப் பார்த்துத்தான் விடுவார் என்றதும், "அப்ப நேர்மையான மனுசன்தான்," என்றார். அவர் வாயால் எழுத்தாளர் ஒருவருக்கு நற்சான்று கிடைத்தது அதுதான் முதல்தரம். சென்னைக்காரர் நாவலின் பெயரைக் கேட்டுச் செல்லில் குறித்தார். பெட்டியைத் தோட்டத்தில் தாட்ட இடம் வந்ததும் அன்ரி குறுக்கிட்டா.

"பெட்டிக்கு மேல என்ன சுத்தினவர்? தண்ணி போயிருக்குமே."

"அது புத்தகத்தில இல்லை, அன்ரி."

"ஊரில நாங்கள் பட அல்பங்களை எவர்சில்வர் வாளியில போட்டு, மூடியைச் சுத்தி மெழுகு ஊத்தித் தாட்டனாங்கள்."

"எடுத்தனீங்களோ?"

"எங்க எடுத்தது. இப்பவும் அங்கதான்." கேரியரை மூடிக்கொண்டு கேட்டா: "அந்த மனுசன் திரும்பி வந்து எடுத்தவர் எண்டு உண்மையாத்தான் எழுதிக் கிடக்கோ?"

"ஓம் அன்ரி. எல்லாம் இருந்தது."

"அப்ப நல்லது," என்றா, தனக்கே கிடைத்ததுபோல.

தங்கையின் வசனம் வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவினேன். எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

மே மாதம் நடுவில் போர் முடிந்தது. முடிந்தது என்று வானொலி சொன்ன பிறகும் அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நான் போனைப் பரிசோதிக்கவில்லை. பிரேக் கேட்டவர்களுக்குப் பிரேக்கே அனுப்பினேன். பயந்து துள்ளுவதற்கும் கொஞ்சம் நம்பிக்கை வேண்டும் என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன். உயிர்தப்பி முகாம்களில் இருந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அக்காவின் பெயர் வரவில்லை. அங்கிள் லிஃப்டில் என்னைக் கண்டால் காலநிலையைப்பற்றி மட்டும் கதைத்தார்.

ஜூனில் ஒரு ஞாயிறு காலை போன் அடித்தது. மனைவி எடுத்தா. கேட்டா. என்னிடம் நீட்டினா.

"டேய்," என்றது போன்.

"அக்கா?"

"ஓம், நான்தான். முகாமில நிக்கிறன். கெதியாக் கதை, இது ஒரு பிள்ளையின்ர போன்."

கதைக்கத்தான் வாயைத் திறந்தேன். வேறு சத்தங்கள்தான் வந்தன.

"அழுறதெண்டால் வைச்சிட்டு ஆறுதலா அழு. எனக்கு நேரமில்லை."

"காயம் ஏதும்?"

"காலில கொஞ்சம். நடக்கிறன்." பின்னால் ஒரு ஊரே இரைந்தது. "மற்றதுகளை இப்ப கேளாதை. பிறகொரு நாளைக்குச் சொல்லுறன். நீ ஏதாவது பகிடி சொல்லு. பகிடி கேட்டுக் கனகாலம்."

வாழ்நாள் முழுக்கப் பகிடிவிட்டே பிழைத்தவன். அந்த நேரம் தலைக்குள் ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. "அக்கா, இஞ்ச உனக்குச் செத்தவீடு நடந்தது."

நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"வடிவாச் செய்தனீங்களோ?" என்று கேட்டா.

சொன்னேன். பிரெஞ்சுக்காரர், கத்தினது, சப்பாத்துத் தட்டு சரிந்தது, எத்தினையாம் மாடி என்று அன்ரி கேட்டது எல்லாம். அக்கா சிரித்தா. சிரிப்பு நடுவில் இருமலாகி, திரும்பச் சிரிப்பானது.

"என்ர செத்தவீட்டுக்கு என்ன சாப்பாடு?"

"இடியப்பம், சொதி, சம்பல்."

"அப்பிடிச் சொல்லாதை. ஒவ்வொண்டாச் சொல்லு. இடியப்பம் சிவப்போ, வெள்ளையோ?"

"சிவப்பரிசி மா."

"நூல் மெல்லிசோ?"

"மெல்லிசு. எடுத்தா ஒண்டோடொண்டு ஒட்டாது."

"ம். சொதி?"

"மஞ்சள்."

"மஞ்சள் எண்டா? எல்லாச் சொதியும் மஞ்சள்தானேடா."

நான் கண்ணை மூடினேன். பிரெஞ்சுக்காரர் இதற்கு ஒரு கிழமை எடுத்திருப்பார். எனக்கு அக்கா ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. "முத்தின கறுத்தக்கொழும்பான் மாங்காயை வெட்டினா, பழுக்க முதல், உள்பக்கம் ஒரு நிறம் இருக்குமே. அது."

அக்கா எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது.

"மிளகாய் கீறிப் போட்டதோ, அரிஞ்சு போட்டதோ?"

"கீறி. காம்போட."

பின்னால் ஒரு பெண்குரல் போனைக் கேட்டது. "பொறு பிள்ளை," என்றா அக்கா அந்தப் பக்கம் திரும்பி, "சம்பல் இன்னும் வரேல்லை." பிறகு எனக்கு: "சொல்லடா."

நான் சம்பலைத் தொடங்கினேன்.